உமிச்சாம்பலில் தங்கம் தேடுகிறவர்களுக்கு

விழுப்புரம் பக்கம் தொழில் வளர்ச்சி பற்றி எந்தக் கூட்டம் நடந்தாலும், அது கல்லூரிக் கருத்தரங்கானாலும் சரி, வணிகர் மாநாடானாலும் சரி, ஒரு கணக்கு தவறாமல் மேடையேறிவிடும். ஒரு டன் நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 200 கிலோ உமி. அதை எரித்தால் 40 கிலோ சாம்பல். அந்தச் சாம்பலில் 85 முதல் 95 விழுக்காடு வரை சிலிக்கா. டயருக்குச் சிலிக்கா வேண்டும், பற்பசைக்கு வேண்டும், மருந்து ஆலையின் ஆய்வகத்துக்கும் வேண்டும். அப்படியானால் விழுப்புரம், திண்டிவனம் வட்டார ரைஸ் மில்களின் பின்கட்டில் குவிந்து கிடப்பது சாம்பலா, தங்கமா? பேச்சாளர் கேள்வியோடு நிறுத்திக்கொள்வார். பதிலைக் கூட்டம் சொல்லிவிடும்.

எண்களில் பிழை இல்லை. விழுக்காட்டிலிருந்து நேராக விலைக்குத் தாவுகிறார்களே, அங்கேதான் பிழை. ஒரு பொருளில் சிலிக்கா எவ்வளவோ, அதன் மதிப்பும் அவ்வளவு என்பது இந்த வாதத்தின் அச்சாணி. அதைப் பிடுங்கிப் பார்க்க ஆய்விதழ் எதையும் புரட்ட வேண்டியதில்லை. திண்டிவனத்தில் வண்டியேறி மயிலம் வழியாகத் திருவக்கரை வரை போய்வந்தால் போதும்.

வக்ரகாளியம்மனைக் கும்பிட வருகிறவர்களில் பலர் எட்டிப் பார்க்காமலே திரும்பும் இடம் அங்குள்ள தேசியக் கல்மரப் பூங்கா. சுமார் 2 கோடி ஆண்டுப் பழைமையான மரங்கள் அங்கே கல்லாகிப் படுத்திருக்கின்றன. 1781-இல் பியர் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இவற்றைப் பதிவுசெய்தார். இப்போது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை காவல் காக்கிறது. மண்ணுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிசிக் அமிலம், மரத்தின் செல்லுலோசிலும் லிக்னினிலும் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளைப் பற்றிக்கொண்டது. பற்றியது படிந்தது, படிந்தது இறுகியது. செல்களின் வடிவம் அப்படியே அச்செடுக்கப்பட்டது. அந்தக் கட்டத்தில் அந்த மரம் பாதி உயிர்ப்பொருள், பாதி சிலிக்கா. இன்று ஆய்வகங்கள் பாடுபட்டுச் செய்யும் கலப்பினப் பொருளை மண்ணே செய்து வைத்திருந்தது என்று சொல்லலாம். பிறகு மரப்பொருள் சிதைந்து வெளியேறியது. அதன் இடத்தையும் சிலிக்காவே எடுத்துக்கொண்டது. துளைகள் அடைபட்டன. ஒழுங்கில்லாமல் இருந்த சிலிக்கா மெல்ல மெல்லப் படிகமாக அடுக்குக் கட்டி, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கல்லானது.

சிலிக்கா விழுக்காடுதான் மதிப்பு என்றால் இந்தக் கல்மரம் உமிச்சாம்பலுக்குச் சளைத்ததில்லை. ஆனால் அதைப் பொடித்துச் சாயநீரில் போட்டுப் பாருங்கள். நீரின் நிறம் மாறாது. தென்பெண்ணை மணலும் பெரும்பாலும் சிலிக்காதான். அதை வீடு கட்ட அள்ளினார்களே தவிர, மருந்து பிரிக்க யாரும் அள்ளவில்லை. ஆக, சிலிக்கா இருக்கிறதா என்பது பதில் தெரிந்த கேள்வி. பூமியின் மேலோட்டில் மிகுதியாகக் கிடக்கும் பொருள்களில் ஒன்று அது. கேட்க வேண்டிய கேள்வி, அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்பது.

உடம்பு என்று சொல்வது பரப்பை. அரை மில்லிமீட்டர் மணல் துகள்களை ஒரு கிராம் எடுத்துக்கொண்டால், எல்லாத் துகள்களின் மேற்பரப்பையும் கூட்டினாலும் சுமார் 45 சதுர சென்டிமீட்டர், உள்ளங்கையைக்கூட மூடாது. 1992-இல் மொபில் எண்ணெய் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் எம்.சி.எம்-41 என்ற பொருளை அறிவித்தார்கள். அதுவும் சிலிக்காதான். சோப்புப் போன்ற மூலக்கூறுகள் நீரில் சேர்ந்து உருளைகளாகத் திரளும். அந்த உருளைகளைச் சுற்றிச் சிலிக்காவை வளரவிட்டு, பிறகு உருளைகளை எரித்து வெளியேற்றினார்கள். எஞ்சியது, சில நானோமீட்டர் அகலத் துளைகள் தேனடை போல் அடுக்கிய பொருள். அதில் ஒரு கிராமுக்குள் இருக்கும் பரப்பு 1000 சதுர மீட்டர். நம் ஊர் அளவில் சொன்னால் ஒரு கிராமுக்குள் 25 சென்ட் நிலம். வேதியியல் வாய்பாட்டில் மணலுக்கும் இதற்கும் எந்த வேறுபாடும் இல்லை.

உமிக்கு இங்கே ஒரு நியாயமான பெருமை உண்டு, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. நெற்பயிர் சிலிசிக் அமிலத்தை வேர் வழியாக வேண்டி விரும்பி உறிஞ்சுகிறது. அதற்கென்றே வேரில் இருக்கும் கடத்திப் புரதத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-இல் கண்டுபிடித்தார்கள். உறிஞ்சியதைப் பயிர் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடங்களில் முக்கியமானது உமியின் புறத்தோல். அங்கே சிலிக்கா படிகமாக இல்லை. நீரேறிய, ஒழுங்கற்ற வலையாக, செல்லுலோசோடும் லிக்னினோடும் பின்னிக் கிடக்கிறது. திருவக்கரையில் மரம் வெளியேறி, சிலிக்கா அந்த இடத்தை நிரப்பிக்கொண்டது. உமியைச் சரியாக எரித்தால் நடப்பது இதன் தலைகீழ்: கரிமப் பொருள் புகையாகப் போகும், அது இருந்த இடம் துளையாக நிற்கும்.

சரியாக எரித்தால்! மேடைக் கணக்கு விழுங்கிவிடும் சொல் இதுதான். உமியை முதலில் நீர்த்த அமிலத்தில் வேகவைத்துக் கழுவி, 600 டிகிரி செல்சியஸ் அளவில் நிதானமாக எரித்தால், வெளுத்த, படிகமாகாத சாம்பல் கிடைக்கும். கிராமுக்கு 200, 250 சதுர மீட்டர் பரப்பு வரும். ஐந்தாறு சென்ட் நிலம். அமிலத்தில் ஏன் கழுவ வேண்டும்? உமியில் பொட்டாசியம் இருக்கிறது. சூட்டில் அது சிலிக்காவை இளக்கி உருகவைக்கும். உருகிய மேல்தோல் உள்ளே இருக்கும் கரியை மூடிவிடும். எவ்வளவு எரித்தாலும் அந்தக் கரி போகாது, துளையும் அடைபடும்.

ரைஸ் மில் பாய்லரில் உமியைப் போடுகிறவருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை, இருக்கவும் தேவையில்லை. அவருக்கு வேண்டியது புழுங்கல் நெல்லுக்கான நீராவி. உமியைக் கழுவுவதில்லை. சூடு ஒரே நிலையில் நிற்பதில்லை. ஒரு மூலையில் பாதி வெந்த கறுப்புக் கரி, இன்னொரு மூலையில் அளவு மீறிய வெப்பத்தில் கிறிஸ்டோபலைட் என்னும் படிகமாக மாறிய சாம்பல். இரண்டும் கலந்துதான் பின்கட்டில் குவிகிறது. இரண்டையும் சோதனைக்கு அனுப்பினால் சிலிக்கா விழுக்காடு பெரிதாக வேறுபடாமல் வரலாம். படிகமான பகுதியில் கூடுதலாகவே வரும். ஆனால் வேதிவினைக்கு அது கல்மரத்தின் தம்பி. போதாக்குறைக்கு, படிகச் சிலிக்காத் தூசியைப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் 1997-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது. சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோயின் காரணமும் அதே தூசிதான். தங்கம் என்று சொல்லி ஆட்களை அள்ளவைப்பதற்கு முன் மேடையில் இருப்பவர்கள் இதையும் ஒரு வரி சொல்லலாம்.

சரி, நல்ல சாம்பலே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கையில் இருப்பது காலி மனைதான். வேலை இனிமேல்தான் தொடங்குகிறது.

சிலிக்காவின் மேற்பரப்பில் ஒவ்வொரு சதுர நானோமீட்டருக்கும் நான்கு அல்லது ஐந்து ஹைட்ராக்சில் தொகுதிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சிலனால் என்று பெயர். ஈரத்தைப் பிடிப்பது, புதுச் செருப்புப் பெட்டிக்குள் வரும் சிறு பொட்டலத்தை வேலை செய்யவைப்பது எல்லாம் இவைதான். இந்தச் சிலனால்களோடு சிலேன் வகை மூலக்கூறுகளை வினைபுரியவிட்டால், சிலேனின் ஒரு முனை சிலிக்காவோடு பிணையும். மறுமுனை நாம் விரும்பிய கரிமத் தொகுதியாக வெளியே நிற்கும். அமீன் வைத்தால் கரியமில வாயுவைப் பிடிக்கும். கந்தகம் கொண்ட தயால் வைத்தால் பாதரசத்தைப் பிடிக்கும். அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகத்தினர் 1997-இல் இதைச் செய்துகாட்டினார்கள். 18 கரி அணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலியை வைத்தால் நீரை வெறுத்து எண்ணெய்த் தன்மையை விரும்பும். டயரிலும் இதே கதை: 1992-இல் மிஷலின் நிறுவனம் சிலிக்கா கலந்த டயரைக் கொண்டுவந்தபோது, ரப்பரோடு ஒட்டாத சிலிக்காவை ஒட்டவைத்தது கந்தகம் ஏந்திய ஒரு சிலேன்தான். சிலேன் இல்லாமல் ரப்பரில் கொட்டிய சிலிக்கா கட்டி கட்டியாகத் திரண்டு நிற்கும்.

காசு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மருந்து ஆய்வகத்தைப் பாருங்கள். புதுச்சேரியிலும் கடலூரிலும் மருந்து ஆலைகள் இருக்கின்றன. திண்டிவனத்துக்கும் சிப்காட் மருந்துப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பெரும்பாலான மாத்திரைகள் ஆலையை விட்டு வெளியேறும் முன் எச்.பி.எல்.சி. என்ற கருவியில் சோதிக்கப்படும். அதன் உயிர், ஒரு சாண் நீள எஃகுக் குழாய். அதற்குள் சில மைக்ரோமீட்டர் அளவுள்ள சிலிக்கா மணிகள், அவற்றின் துளைச் சுவர்களில் 18 கரிச் சங்கிலிகள். மருந்துக் கரைசலை அழுத்தி அனுப்பினால், ஒவ்வொரு சேர்மமும் தன் குணத்துக்கேற்பத் தங்கித் தங்கி வெளியே வரும். சாதாரண அளவுக் குழாய்க்குள் இருக்கும் சிலிக்கா இரண்டு, மூன்று கிராம். விலை பல்லாயிரம் ரூபாய். மேடைப் பேச்சாளர் கண்ணை அகலவைப்பது இந்த விலைதான். அந்த இரண்டு கிராமுக்குள் நடந்த போராட்டத்தை அவர் பார்ப்பதில்லை.

18 கரிச் சங்கிலி பருமனானது. ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று நெருங்கி நிற்க முடியாது. எவ்வளவு முயன்றாலும் சிலனால்களில் பாதிக்கு மேல் வினைபுரியாமல் மிஞ்சும். மிஞ்சியவை சும்மா இருக்காது. அமிட்ரிப்டிலின் போன்ற கார மருந்துகளை இழுத்துப் பிடித்து, வரைபடத்தில் கூர்மையாக விழவேண்டிய உச்சியை வால் நீளவைக்கும். இதற்காகவே சின்ன மூலக்கூறு ஒன்றை அனுப்பி மிச்சச் சிலனால்களின் வாயை அடைப்பார்கள். அதிலும் எல்லாம் அடைபடாது. மறுபக்கம், கரைசலின் பி.எச். 2-க்குக் கீழே போனால் சங்கிலிகள் அறுந்து உதிரும். 8-ஐத் தாண்டினால் சிலிக்காவே கரையும். கல் போன்றது, எதற்கும் அசையாது என்று நாம் நினைக்கும் பொருள் சற்றே காரமான நீரில் கரைந்துபோகிறது.

விடை மேற்பூச்சில் கிடைக்கவில்லை, உடம்பையே மாற்றியபோது கிடைத்தது. 1999-இல் அமெரிக்காவின் வாட்டர்ஸ் நிறுவனம், மணியை வளர்க்கும்போதே மீத்தைல் தொகுதி ஏந்திய சிலேனைக் கலந்து, உள்ளும் புறமும் கரிமம் பரவிய கலப்பின மணிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த தலைமுறை 2004-இல் வந்தது. அதில் இரண்டு சிலிக்கன் அணுக்களுக்கு நடுவே, ஆக்சிஜன் நிற்கும் இடங்கள் சிலவற்றில், இரண்டு கரி அணுக்கள் கொண்ட பாலம். அந்தப் பாலத்தைக் காரநீர் எளிதில் அறுக்க முடியாது. சிலனால்களின் எண்ணிக்கையும் குறைந்தது. பி.எச். 1 முதல் 12 வரை தாங்கும் மணி கிடைத்தது. அதே 1999-இல் சிலிக்காவுக்குள் கரிமப் பாலங்களை ஒழுங்காக அடுக்கிய துளைப் பொருள்களை மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. வணிகமும் ஆய்வும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்த ஆண்டு அது.

இந்த மணிகளுக்கு மூலப்பொருள் சாம்பலோ மணலோ கிடையாது. காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்யக்கூடிய திரவச் சிலேன்கள். காரணம், இரும்போ அலுமினியமோ பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலும் பக்கத்துச் சிலனாலின் அமிலத்தன்மை கூடிவிடும், உச்சிக்கு மறுபடி வால் முளைக்கும். 95 விழுக்காடு தூய்மை என்று நாம் மார்தட்டும் இடத்தில், மீதி ஐந்தில் என்ன இருக்கிறது என்பதுதான் வாங்குகிறவரின் முதல் கேள்வி. பொட்டாசியம், கால்சியம், இரும்பு, மாங்கனீஸ் என்று அந்த ஐந்துக்குள் ஒரு சந்தையே இருக்கிறது.

இன்னொரு கூட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். இவர்கள் வணிகர்கள் அல்ல, கட்டுரை எழுதுகிறவர்கள். உமிச்சாம்பலில் சிலிக்கா எடுத்து, அமீன் சிலேன் ஏற்றி, மெத்திலின் நீலச் சாயத்தை இத்தனை விழுக்காடு நீக்கினோம் என்று ஆண்டுதோறும் மாணவர் ஆய்வேடுகள் வருகின்றன. முடிவுரையில் நிலத்தடி நீரைச் சுத்திகரிக்க உதவும் என்று ஒரு வரியும் இருக்கும். மெத்திலின் நீலம் நேர்மின்சுமை கொண்டது. சிலிக்காவின் மேற்பரப்பு நடுநிலை நீரில் எதிர்மின்சுமை கொண்டது. இரண்டும் ஒட்டுவதற்குப் பெரிய வேதியியல் எதுவும் வேண்டியதில்லை, வெறும் சிலிக்காவே கொஞ்சம் பிடிக்கும். அதுவும் காய்ச்சி வடித்த நீரில். அதே பொடியை மரக்காணம் உப்பளத்துப் பக்கக் கிணற்று நீரில் போட்டால், சோடியமும் கால்சியமும் மக்னீசியமும் முண்டியடித்துக்கொண்டு அந்த இடங்களை நிரப்பும். சாயத்துக்கு இடம் இருக்காது. புளோரைடு, நைட்ரேட் போன்ற எதிர் அயனிகளை வெறும் சிலிக்கா ஏறிட்டும் பார்க்காது. அமீன் ஏற்றினால் பிடிக்குமே என்றால், நீரில் ஊறும் அமீன் சிலேன் மெல்ல அறுந்து நீரோடு போகும் என்பது இத்துறையில் பழைய செய்தி. எம்.சி.எம்-41-இன் மெல்லிய சுவர்களே வெந்நீரில் குலைந்துவிடும். சுத்தம் செய்யப் போட்ட பொருள் எத்தனை முறை தாங்கும், உதிர்ந்தது எங்கே போயிற்று என்று அளக்காத ஆய்வேடு, பாதியில் நிறுத்திய சோதனை. மாணவர்களைக் குறை சொல்லி என்ன? பட்டத்துக்குக் கேட்கப்படுவது அந்த ஒற்றை விழுக்காடு மட்டும்தானே.

எதிர்த்தரப்பில் அறிவுள்ளவர்கள் ஒரு வலுவான கேள்வி வைத்திருக்கிறார்கள். சாம்பலை எரிசோடாவில் கரைத்துச் சோடியம் சிலிக்கேட்டாக்கிவிட்டால் பழைய கதையெல்லாம் அழிந்துவிடுமே, அதிலிருந்து விரும்பிய துளையோடு புதிதாகச் சிலிக்காவை வீழ்படிவாக்கலாமே? சரியான கேள்வி. படிகமாகாத சாம்பல் 100 டிகிரி வாக்கில் கரைந்துவிடும். மணலையும் சோடாச் சாம்பலையும் உருக்கி அதே சிலிக்கேட்டைச் செய்ய 1300 டிகிரிக்கு மேல் வேண்டும். எரிபொருள் மிச்சம் உண்மை. குட்இயர் நிறுவனம் உமிச்சாம்பல் சிலிக்காவை டயரில் சேர்ப்பதாக 2014-இல் அறிவித்ததும் இந்த வழியில்தான் பொருள்படுகிறது. ஆனால் கரைந்த மறுநொடி உமியின் தனிச்சிறப்பும் கரைந்துவிட்டது. அதற்குப் பிறகு அது சந்தையில் கிடைக்கும் எந்தச் சிலிக்கேட்டோடும் விலையில் போட்டியிட வேண்டிய சரக்கு. கந்தக அமிலம் ஊற்றி வீழ்படிவாக்கினால் ஒரு டன் சிலிக்காவுக்குச் சுமார் முக்கால் டன் சோடியம் சல்பேட் கழிவாக வரும். அதைச் சங்கராபரணியில் விடப்போகிறோமா? பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் கரியமில வாயுவால் வீழ்படிவாக்கி, சுண்ணாம்பால் எரிசோடாவை மீட்டெடுக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. மேடையில் பேசுகிறவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு வரட்டும்.

இப்படியெல்லாம் சொன்னால், உள்ளூரில் ஒன்றும் முளைக்க விடமாட்டாயா என்று கோபிக்கிறார்கள். நான் சொல்வது அதற்கு நேர் எதிர். கறுப்புச் சாம்பலுக்குச் செங்கல் சூளையும் எஃகு ஆலையும் இருக்கின்றன; எஃகுக் குழம்பின் மேல் தூவினால் சூடு வெளியேறாது. நன்றாக எரிந்த சாம்பலைக் காங்கிரீட்டில் சேர்க்க ஐ.எஸ். 456 விதிநூலே இடம் தருகிறது. இவை சிறிய லாபங்கள், ஆனால் மெய்யான லாபங்கள். இதற்கு மேலே ஏற விரும்புகிறவர்கள் பிரித்தெடுக்கும் ஆலைக்கு முன்னால் மூன்று காரியத்துக்குச் செலவிட வேண்டும்: உமியை அமிலத்தில் கழுவும் தொட்டி, சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் உலை, நைட்ரஜனை உறிஞ்சவைத்துத் துளையையும் பரப்பையும் அளக்கும் கருவி. மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் ஊகத்தில்தான் ஓடும். எந்தத் தொகுதி எந்தச் சேர்மத்தைப் பிடிக்கும், எந்த நீரில் அறுந்துபோகும் என்று தெரிந்த நாலு வேதியியல் பட்டதாரிகள் வேண்டும். அவர்கள் விழுப்புரம், திண்டிவனம் அரசுக் கல்லூரிகளில் இருந்தே வரக்கூடியவர்கள். கருவியைத் தொட்டுப் பார்க்க வாய்ப்புக் கொடுத்தால் போதும்.

அளக்கும் கருவிக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்று கேட்கலாம். மொபில்காரர்கள் எம்.சி.எம்-41-ஐ அறிவிப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, சில்வேனியா என்ற அமெரிக்க விளக்கு நிறுவனத்தின் வேதியியலாளர்கள் சோப்புப் போன்ற மூலக்கூறுகளை வைத்தே ஒரு சிலிக்காவைச் செய்து, 1971-இல் காப்புரிமையும் வாங்கியிருந்தார்கள். 1997-இல் பிரெஞ்சு ஆய்வகம் ஒன்றில் அந்தக் காப்புரிமையில் எழுதியபடியே மறுபடி செய்து பார்த்தபோது, கிடைத்தது எம்.சி.எம்-41 போன்ற அதே பொருள். ஒரு கிராமுக்குள் 25 சென்ட் நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எடை குறைந்த பொடி என்று மட்டுமே அவர்கள் அதைப் பதிவு செய்திருந்தார்கள்.